யாருக்கும் நேர்ந்துகொள்ளாத முடி

காலை ஷிப்டுக்காகக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கேட் முன்னால் வரிசையில் நின்றிருந்தோம். தை மாதப் பனி இன்னும் விலகவில்லை. ஒவ்வொருவராகக் கார்டைக் காட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். என் முறை வந்ததும் செக்யூரிட்டி குறுக்கே கையை நீட்டினார். சுவரைக் காட்டினார்.

சுவரில் இருந்தது போன வாரக் கடைசியில் ஒட்டிய நோட்டீஸ். ஆண் ஊழியர்களின் தலைமுடி சட்டைக் காலரைத் தொடக் கூடாது. தொட்டால் திங்கட்கிழமை முதல் உள்ளே விட மாட்டார்கள். எல்லோரையும் போல நானும் அதைப் படித்திருந்தேன். யாரோ சின்னப் பையன்களுக்குப் போட்டது என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போயிருந்தேன். அன்றைக்குத் திங்கட்கிழமை.

என் முடி காலரைத் தாண்டி நான்கு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

"வெட்டிக்கினு வா சார். எனக்கு மேல இருந்து ஆர்டரு," என்றார் செக்யூரிட்டி.

எனக்குப் பின்னால் முப்பது பேராவது நின்றிருப்பார்கள். யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அப்போதுதான் வரிசையை விட்டு விலகி தசரதண்ணன் முன்னால் வந்தார். மெயின்டனன்ஸ் பிட்டர். ஐம்பதைத் தாண்டியவர். ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் நெல் நிலம் உண்டு, காலையில் மடை திறந்துவிட்டுத்தான் டியூட்டிக்கு வருவார். கம்பெனியில் எந்த மெஷின் நின்றாலும் அவரைக் கூப்பிடுவார்கள். எங்கே தகராறு என்றாலும் கூப்பிடாமலே வருவார்.

"இன்னாபா, அவர நிக்க வெச்சிக்கினு கீற?"

"முடிண்ணா. நோட்டீஸ் போட்டுக்கீறாங்கல்ல."

"அது அம்மனுக்கு வுட்ட முடி. அவரு ஊட்டுக்காரம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப வேண்டிக்கினது. அதுல போயி கத்திரி வெக்க சொல்ற. நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா, உன் ஆர்டரு வந்து பதில் சொல்லுமா?"

செக்யூரிட்டியின் முகம் மாறியது. நீட்டிய கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தெரியாம கேட்டுட்டேன் சார், மனசுல வெச்சிக்காதீங்க," என்றார்.

நான் எந்த அம்மனுக்கும் எதையும் வேண்டிக்கொண்டதில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். நான் கார்டைக் காட்டிவிட்டு உள்ளே போனேன்.

சக்கில் மாட்டிய துண்டு

காக்களூர்ப் பட்டறையில் நான் இருந்த பதினோரு வருஷத்தைப் பற்றி இந்தப் பத்தியில் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, அந்த நாளில் உன் தலை எப்படி இருந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தேங்காய் உரித்தது போல இருந்தது ஐயா. அதற்கும் ஒரு கதை உண்டு.

பட்டறையில் என் பக்கத்து லேத்தை ஓட்டியவர் தலையில் எப்போதும் துண்டு கட்டியிருப்பார். ஒரு நாள் குனிந்தபோது துண்டின் நுனி, இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுழலும் சக்கில் மாட்டியது. நல்லவேளை, முடிச்சு தளர்வாக இருந்தது. துண்டு மட்டும் கிழிந்து சுற்றியது. அவர் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து முதலாளி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டுபவரைப் பட்டறைக்கே வரவழைத்தார். ஸ்டூலைப் போட்டு வரிசையாக எங்கள் தலைகளை ஒட்ட வெட்டிவிடுவார். யாருக்கும் அதில் வருத்தம் இல்லை. மெஷினுக்கு நீளமான முடி ஆகாது, அவ்வளவுதான் விஷயம். ஒழுக்கம், மரியாதை, நல்ல குடும்பம் என்று அங்கே யாரும் பேசவில்லை.

பேசியது என் அப்பா. அவருக்கு முடி காதைத் தொட்டால் பையன் கெட்டுப் போனான் என்று அர்த்தம். கடம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்கு என்னை இழுத்துப்போய், "போலீஸ் கட்டிங்" என்று சொல்லிவிட்டு, வெட்டி முடியும்வரை அங்கேயே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். காலேஜ் போகிற வயதிலும் அப்படித்தான். எனக்கு மீசை முளைத்த பிறகும் அவர் கூட வந்தார் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

பட்டறைக்குப் பிறகு தேர்வாய் கண்டிகையில் இந்த வேலை கிடைத்தது. வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் வார்க்கிற கம்பெனி. எனக்குக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை. மேஜை, விளக்கு, பூதக்கண்ணாடி. சுழல்வது எதுவும் என் பக்கத்தில் இல்லை. இருந்தாலும் பழக்கதோஷம், மாதம் ஒரு தடவை போய் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன்.

ஊரடங்கு வந்தது, கடைகளை மூடினார்கள், முடி வளர்ந்தது. அந்தச் சமயத்தில்தான் என் மனைவி மாலதி காய்ச்சல் முற்றி, திருவள்ளூரில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். என்னை உள்ளே விடவில்லை. வெளியே மரத்தடியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு பயம்.

அவள் பிழைத்து வீடு வந்து, கட்டிலில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாங்க இது, கழுத்து வரைக்கும் வளந்துகீது. நல்லாத்தான் கீது," என்றாள்.

நான் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். நெற்றியில் இருந்து பின்னால் வாரிவிட்டால், பக்கத்தில் லேசான அலை. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. என் முகம் எனக்குப் பிடித்தது அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. கடைகள் திறந்த பிறகும் நான் போகவில்லை.

இதை வெளியே எப்படிச் சொல்வது? சாமிக்கு என்றால் ஒப்புக்கொள்வார்கள். துக்கத்தில் இருக்கிறான் என்றால் பரிதாபப்படுவார்கள். நாற்பத்திரண்டு வயதில், வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஆள், எனக்கு இது பிடித்திருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்கும் தைரியம் இல்லை.

முட்டை போனது

கேட்டில் நடந்த அன்றைக்கே மனிதவளப் பிரிவில் கூப்பிட்டார்கள். அங்கே இருந்தவர் நூர் மேடம். பழவேற்காட்டுக்காரர். வீட்டில் எல்லோரும் வியாபாரம், இவர் மட்டும் படித்து உத்தியோகத்துக்கு வந்தவர். அதிர்ந்து பேச மாட்டார்.

"சாமி விஷயம், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். விலக்குப் பட்டியல்ல உங்க பேரைச் சேத்துடறேன். இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க," என்றார்.

காரணம் என்ற இடத்தில் 'மத நம்பிக்கை' என்று அவரே எழுதி வைத்திருந்தார். நான் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். கேட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தது போய், இப்போது எழுதிக் கொடுத்த பொய்யாகிவிட்டது. பிற்பாடு பிடிபட்டால் வேலைக்கே உலை வைக்கும் என்று அப்போதே தெரிந்தது.

புதன்கிழமை கேன்டீனில் முட்டைக் குழம்பு. தட்டை நீட்டினேன். பரிமாறுகிறவர் கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சாமி, உங்களுக்குத் தனியா சாம்பார் எடுத்து வெச்சிக்கீறேன்."

அன்றிலிருந்து நான் சாமி. வெள்ளிக்கிழமை கோழி பிரியாணி போடும்போது எனக்குத் தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் வந்தன. எனக்குப் பின்னால் நின்றவர்களெல்லாம் கறியோடு போனார்கள். வாசனை மட்டும் எனக்கு இலவசம். பொறுக்க முடியாமல், ஊத்துக்கோட்டையில் பஸ் நிற்கிற ஐந்து நிமிஷத்தில் இறங்கி ஓடி, ஒரு கடையின் பின்பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஆம்லெட் சாப்பிட்டிருக்கிறேன். திருடன்கூட அவ்வளவு பயந்து சாப்பிட்டிருக்க மாட்டான்.

"தாடி மட்டும் எடுக்குறாரே," என்று ஒரு ஆப்பரேட்டர் கேட்டான்.

"தலைக்கு மட்டும்தான் வேண்டிக்கினாரு. உனக்கு இன்னா தெரியும்," என்று தசரதண்ணன் அவனை அடக்கினார். என் வேண்டுதலின் விதிமுறைகள் எனக்கே அவர் சொல்லித்தான் தெரிந்தன.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மரியாதை கிடைத்தது. முன்பெல்லாம் நான் ஒரு பாகத்தைக் கழித்துக் கட்டினால் சண்டைக்கு வருவார்கள். இப்போது, "சாமி சொன்னா சரியா இருக்கும்," என்று எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த மரியாதை எனக்குப் பழகிப்போனதுதான் கேவலம்.

கஸ்தூரியின் தொப்பி

எங்கள் லைனில் கஸ்தூரி என்று ஒரு பெண். அச்சில் வந்த ரப்பரின் ஓரப் பிசிறைக் கத்தரித்து எடுக்கிற வேலை. அவளுக்கு முடி இடுப்புக்குக் கீழே. பார்க்கிறவர்கள் எல்லோரும் என்ன எண்ணெய், என்ன சீயக்காய் என்று கேட்பார்கள். ஆனால் கம்பெனி கொடுக்கிற தொப்பி ஒரே அளவு. அவள் கொண்டை அதற்குள் போகாது. கொண்டை வெளியே தெரிந்தால் சூப்பர்வைசர் திட்டுவார். வெட்டிக்கொண்டு வா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். அவள் அழவும் இல்லை, வெட்டவும் இல்லை. இரண்டு தொப்பிகளைப் பிரித்து, வீட்டு மெஷினில் ஒன்றாகத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். பாதுகாப்பு அதிகாரி வந்து இழுத்துப் பார்த்தார். ஒரு முடி வெளியே வரவில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் முடியைச் சுருட்டித் தொப்பிக்குள் திணிக்கப் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் எனக்கும் ஒன்று தைத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தாங்கண்ணா. பின்னாடி எலாஸ்டிக் வெச்சிக்கீறேன், கழுத்த புடிக்காது."

வாங்கிக்கொண்டேன். அவள் போகவில்லை.

"அம்மன்கிட்ட சொல்லும்போது என் பொண்ணுக்கும் ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா. நர்சிங் சீட்டுக்கு எழுதிப் போட்டுக்கீது. நான் கும்புடறதுல ஒண்ணும் நடக்கல. நீங்க விரதமா கீறீங்க, உங்க பேச்சு எடுபடும்."

சரிம்மா என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்? அன்று மத்தியானம் எனக்குச் சாம்பார்கூட இறங்கவில்லை. ஊத்துக்கோட்டை ஆம்லெட்டை அதோடு விட்டேன். பயத்தில் இல்லை, அவள் முகம் கண்ணில் நின்றதால்.

மாலதியிடம் சொன்னேன். அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "எனக்காக நெசமாவே ஒரு மொட்ட வேண்டிக்கினு இருக்கலாம் நீங்க," என்றாள். அதற்குப் பிறகு, "போயி சொல்லிடுங்க. எத்தினி நாளிக்கு இந்த பேஜாரு," என்றாள். மூன்றும் சரிதான்.

ஆடி மாத வேன்

ஆடி பிறந்தது. எங்கள் பக்கத்தில் ஆடி என்றால் பெரியபாளையத்து அம்மன் கோயில். வேப்பிலை கட்டிக்கொண்டும் பொங்கல் வைத்துக்கொண்டும் மொட்டை போட்டுக்கொண்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனம் அலைமோதும்.

தசரதண்ணன் என் மேஜைக்கு வந்து, விளக்கை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கையூன்றிக்கொண்டார்.

"நைனா, வர ஞாயித்துக்கெழம வேன் சொல்லிட்டேன். நம்ம ஆளுங்க பன்னெண்டு பேரு. கஸ்தூரி, அதும் பொண்ணு, எல்லாம் வருது. உன் ஊட்டுக்காரம்மாவையும் இட்டுக்கினு வா. உன் முடிய எறக்கிட்டு வந்துடலாம்."

"இப்பவாண்ணா?"

"பின்ன எப்ப? ஆடி போச்சின்னா வேண்டுதல் தள்ளிப்போவும். வருசத்த தாண்டக் கூடாது."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு நல்லது செய்கிறோம் என்ற சந்தோஷம். அவர் போன பிறகு என்னையறியாமல் கை தலைக்குப் போனது. அப்போது முடி தோளைத் தாண்டியிருந்தது.

பேசாமல் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டால் எல்லாம் முடிந்துவிடும். முடி போகும், பொய்யும் அதோடு போகும். ஒரு ராத்திரி முழுக்க அப்படித்தான் முடிவு செய்து வைத்திருந்தேன். விடிந்ததும் மனம் வரவில்லை. மொட்டை போட்டால் வேண்டுதல் முடிந்தது என்று விலக்கும் போய்விடும், காலர் நோட்டீஸ் மறுபடியும் எனக்குச் செல்லுபடியாகும். இந்த முடி திரும்ப வராது. அதோடு, வேண்டிக்கொள்ளாத ஒன்றை வேண்டிக்கொண்டதாகச் சொல்லி அம்மன் முன்னால் கொண்டுபோய்க் கொட்டுவது இன்னொரு பொய். எனக்குப் பக்தி கொஞ்சம்தான், ஆனால் அந்த அளவுக்குத் துணிச்சல் இல்லை.

நூர் மேடத்தின் அறை

வேலை போனாலும் போகட்டும், தசரதண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் முடியாது என்று தோன்றியது. அதனால் எளிதானதை முதலில் செய்தேன். வியாழக்கிழமை நூர் மேடத்தின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"எங்க வீட்லயும் குழந்தைக்கு நேர்ச்சை வெச்சி முடி வளப்பாங்க. தர்காவுக்குக் கொண்டு போயிதான் எடுப்பாங்க. அதனாலதான் உங்கள ஒரு வார்த்த கேக்காம எழுதினேன். நீங்க கையெழுத்தும் போட்டீங்க."

"தப்புதான் மேடம்."

"இப்ப ஏன் வந்து சொல்றீங்க?"

"ஞாயித்துக்கிழமை மொட்டை போடக் கூட்டிப் போறாங்க மேடம்."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கேட்டார்.

"சரி, எதுக்குத்தான் வளக்கறீங்க?"

வாய்வரை வந்தது. "சும்மாதான் மேடம்," என்று சொல்லிவிட்டேன்.

அவர் அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்து, 'மத நம்பிக்கை' என்பதன் மேல் ஒரு கோடு போட்டார்.

"கஸ்தூரி முடிய மேல கட்டித் தொப்பிக்குள்ள வெச்சிருந்தா நாம ஒண்ணும் சொல்றதில்ல. உங்களுக்கு மட்டும் ஏன் காலர் கணக்குன்னு நானும் கேட்டுப் பாக்கறேன். பிளான்ட் ஹெட் சார் முடியாதுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. பொய்க் கையெழுத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் குடுத்துடுங்க. அது உங்க பைல்ல இருக்கும்."

வெள்ளிக்கிழமை பிளான்ட் ஹெட் கூப்பிட்டார். வெளி மாநிலத்துக்காரர், புதிதாக வந்தவர், நோட்டீஸ் அவருடையது. என் கடிதம் அவர் மேஜையில் இருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேப் போடுங்க," என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

கஸ்தூரி தைத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவசரத்தில் ஒரு பக்கம் கோணிக்கொண்டது.

"திரும்புங்க."

திரும்பினேன்.

"காலர்ல படல. கஸ்டமர் வர்ற அன்னிக்கும் இப்படியே இருக்கணும். லெட்டர் மட்டும் இனிமே உண்மையா எழுதுங்க. போங்க."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வாரம் நோட்டீஸில் 'காலர்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, எல்லா ஊழியர்களின் முடியும் தொப்பிக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்று போட்டார்கள். அது பிறகு. அன்றைக்கு வேலை தப்பித்த நிம்மதியே போதுமாக இருந்தது. ஆனால் பாதிதான் நிம்மதி.

தசரதண்ணன்

சனிக்கிழமை பத்து மணி டீக்கு அவர் எப்போதும் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நிற்பார். போய் நின்றேன். வேண்டிக்கொள்ளவில்லை என்று சொன்னேன். கேட்டில் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை என்றேன். வேறு சுற்றி வளைக்கவில்லை.

அவர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கப்பை நசுக்கினார்.

"அப்ப எதுக்குடா அன்னிக்கு நான் சொன்னப்ப ஊமையாட்டம் நின்ன? அம்மன் பேர சொன்னேனே. முப்பது பேரு கேட்டானுங்களே."

"தெரியும்ணா."

"உன் ஊட்டுக்காரம்மா பொழச்சி வந்துச்சி, நீ முடி வுட்டுக்கினு திரியற. வேற இன்னான்னு நெனப்பேன் நானு? நானா இருந்தா வேண்டிக்கினு இருப்பேன். அதான் நெனச்சேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. குரல் இறங்கிவிட்டது. அதுதான் தாங்கவில்லை.

"பின்ன எதுக்கு வளக்குற?" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"நாளிக்கு ஆறு மணிக்கு வேனு. ஊத்துக்கோட்ட பஸ் ஸ்டாண்டாண்ட நிக்கும். வந்துடு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எதற்கு வரச் சொல்கிறார் என்று விளங்கவில்லை. பொய் சொன்னதற்கு ஈடாக மொட்டை போடச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். சொன்னால் மறுக்க முடியாது என்றும் தெரிந்தது. அன்றிரவு மாலதி என் தலையில் எண்ணெய் வைத்துச் சீவிவிட்டாள்.

பெரியபாளையம்

வேனில் தசரதண்ணன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். நாஷ்டாவுக்கு நிறுத்தியபோது எல்லோருக்கும் இட்லிப் பொட்டலம் கொடுத்தவர், என்னுடையதை மாலதியிடம் கொடுத்தனுப்பினார்.

கஸ்தூரி பின்சீட்டில் பெண்ணோடு இருந்தாள். அவளிடமும் சொல்லிவிட வேண்டும் என்று போய் உட்கார்ந்தேன். "நான் அம்மனுக்கு ஒண்ணும் வேண்டிக்கலம்மா, உன்கிட்ட சரின்னு சொன்னது தப்பு," என்றேன்.

"தெரியும்ணா," என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

"எப்படி?"

"வேண்டுதல் முடிய யாரு இப்பிடி சிக்கெடுத்து, சீவி, கை கழுவுற எடத்துல கண்ணாடிய பாத்து ஒதுக்கி வுட்டுக்கினு இருப்பாங்க? எனக்குத் தெரியாதா? நானும் அதானே பண்றேன்."

"அப்புறம் எதுக்கும்மா என்னை வேண்டச் சொன்ன?"

"சொல்லி வெச்சா இன்னா நஷ்டம்? அம்மன் யாரு சொன்னாங்கன்னா பாக்கப் போறா?" என்றாள். பெண் சிரித்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்த ஒரு கல் அப்படியே உருண்டு விழுந்தது.

கோயிலில் சரியான கூட்டம். மஞ்சளும் வேப்பிலையும் பொங்கல் புகையும் கலந்த வாசனை. மொட்டை போடும் கூடத்தில் ஈரத் தரையெல்லாம் முடி. குழந்தைகள் வீறிட்டுக்கொண்டிருந்தன. தசரதண்ணன் போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார். என்னை ஒரு பலகையில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றார்.

மழிக்கிறவர் எங்களுக்கு முன்னால் இருந்த குழந்தையை முடித்துவிட்டு, புது பிளேடு மாட்டினார். மாலதி தூணோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தசரதண்ணன் சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டார். வாளித் தண்ணீரைச் செம்பில் மொண்டு தன் தலையில் ஊற்றிக்கொண்டு, மழிக்கிறவர் எதிரே போய்க் குந்திவிட்டார்.

"அண்ணா, இன்னா பண்றீங்க?"

"வேண்டிக்கினேன்னு சொன்னது யாரு? நானு. என் வாயால அவ பேர சொன்னேன். நீ குடுக்கலன்னா நான்தான் குடுக்கணும்," என்றார், குனிந்த தலையை நிமிர்த்தாமல். "நீ கம்முனு குந்து."

அவருக்கு அடர்த்தியான முடி. மாதம் ஒரு முறை மை அடித்து, பக்கத்து வகிடு எடுத்து வாருவார். பிளேடு நெற்றியிலிருந்து பின்னால் போகப்போக, அது கொத்துக்கொத்தாக என் கால் பக்கத்தில் விழுந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. நான் வாயைத் திறக்காமல் நின்ற ஒரு நிமிஷத்துக்கு, இன்னொருவர் தன் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் எழுந்து, இரண்டு கையாலும் தலையைத் தடவிக்கொண்டார். சந்தனத்தை வாங்கி அப்பிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அந்தப் புதுத் தலையோடு அவர் சிரித்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. என் மேல் இருந்த வருத்தம் போய்விட்டிருந்தது.

மழிக்கிறவர் பிளேடைக் கழுவிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்தது நீங்களா? தலைய நனைச்சிக்கினு முன்னாடி வாங்க."

தசரதண்ணன் என் மடியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். இந்தத் தடவை எனக்காக அவர் பதில் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தது. மாலதி, கஸ்தூரி, அவள் பெண், பின்னால் வரிசையில் நின்ற முகம் தெரியாதவர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"இல்லீங்க. எனக்கு இது புடிச்சிருக்கு. வெச்சிக்கிறேன்," என்றேன்.

"அப்ப எழுந்து எடம் வுடுங்க. பின்னாடி ஆளு கீறாங்க," என்றார் அவர்.

எழுந்து இடம் விட்டேன்.